இரும்பு தொடாத இரண்டு நாள்

என் அத்தான் குருசுமுத்துவின் போட் எஞ்சின் கடலைக் குடிக்கிறதாம் என்று எனக்குச் சொன்னவர் ஆரூரன், வெளிநாட்டில் நான் இருக்கிற ஸ்காபரோவில் ஒரு மரக்கறிக் கடையில் வைத்து. அவருக்குச் சொன்னவர் புங்குடுதீவில் இருக்கிற அவருடைய மாமி. மாமிக்குச் சொன்னது குறிகட்டுவான் துறையில் கச்சான் கடலை விற்கிற ஒரு மனிசி.

"நெடுந்தீவு நீலப் போட், உங்கட அத்தானின்ரதானே?" என்றார் ஆரூரன், முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்தபடி. "வெள்ளைப் புகையாத் தள்ளுதாம். ஒருத்தரையும் கிட்ட அண்ட விடுறாரில்லையாம் மனிசன். உங்கட அக்காவையும் அதிலதானே ஏத்திக்கொண்டு போறவர்?"

ஓம் என்றேன். வாங்க வந்த சாமானை வாங்காமல் வீட்டுக்கு வந்தேன்.

என் அக்கா ஜசிந்தாவுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்வதில்லை. கிழமைக்கு இரண்டு நாள், செவ்வாயும் சனியும், காலை எட்டு மணிக்கு யாழ்ப்பாணத்தில் இரத்தம் சுத்திகரிக்கிற மெஷினில் அவருக்கு முறை. நெடுந்தீவிலிருந்து வருகிற முதல் பயணிகள் லோஞ்சில் போனால் அந்த நேரத்துக்குப் போய்ச் சேர ஏலாது. முறை தவறினால் கால் வீங்கும், மூச்சு முட்டும். ஒருமுறை அப்படித் தவறி, மூன்று நாள் ஒட்சிசன் வைத்துக் கிடந்தவர். அதனால் விடிய ஐந்து மணிக்கு அத்தான் தன் போட்டில் அவரை ஏற்றுவார். ஒரு மணித்தியாலத்தில் குறிகட்டுவான். அங்கே மிரோஜன் என்கிற பெடியன் ஓட்டோவோடு நிற்பான். நான்கு வருடமாக இப்படித்தான். அக்காவின் உயிர் அந்த மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சினில் தொங்கிக்கொண்டிருந்தது என்றால் அதில் மிகை இல்லை.

குருசுமுத்து அத்தானுக்கு ஐம்பத்தெட்டு வயது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். எஞ்சின் வேலையை அவர் ஒருவரிடமும் பழகவில்லை. பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், இடம்பெயர்ந்து பெருநிலப் பக்கம் இருந்தபோது, மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. அதற்கு இரண்டு துளி பெற்றோல் காட்டி உசுப்பி எழுப்ப வேண்டும். அந்தக் கள்ளத்தனம் எல்லாம் கைவந்தது அப்போதுதான். ஸ்குறூ டிரைவரின் நுனியை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக் கேட்பார். "உள்ளுக்க ஒருத்தன் பல்லுக் கடிக்கிறான்," என்பார். திறந்து பார்த்தால் சரியாக இருக்கும்.

தன் எஞ்சினில் வேறொருவன் கை வைக்க அவர் விட்டதில்லை. "டொக்டரும் மெக்கானிக்கும் ஒண்டுதான். திறந்தால், எதையாவது உள்ளுக்க விட்டிட்டுத்தான் மூடுவினம்," என்பது அவர் வாதம். நெடுந்தீவில் நல்ல தண்ணீர் அரிது, கிணறு உப்பு. மழைக்காலத்தில் பிளாஸ்டிக் கான்களில் பிடித்து வைக்கிற தண்ணீர் எஞ்சினைக் குளிர வைக்கிற தாங்கிக்கு. அக்காவோ வருத்தத்தால் தண்ணீரை அளந்து குடிக்க வேண்டியவர்.

"எனக்கு ஒரு நாளைக்கு ரெண்டு கோப்பை. அவவுக்கு ரெண்டு கான். ஆர் மூத்த பெண்சாதி எண்டு பார் தம்பி," என்று அக்கா என்னிடம் முறைப்பாடு சொல்வார். அத்தான் பின்னால் சிரிப்பது கேட்கும்.

ஆண்டவரின் பாடுகளை நினைக்கிற தபசுகாலம் வந்தால் அந்த மனிசன் வேறு ஆள். கோவிலில் பாடுகளின் ஒப்பாரியை முதலில் எடுப்பது அவர் குரல்தான். நாற்பது நாளும் சாராயம் இல்லை, மச்சம் மாமிசம் இல்லை, ஒருவரோடும் ஏச்சுப் பேச்சு இல்லை.

கடையிலிருந்து வந்த கையோடு அத்தானுக்குப் போன் எடுத்தேன்.

"அத்தான், எஞ்சின் ஒயிலைப் பாத்தனீங்களோ?"

"பாத்தனான்."

"என்ன நிறம்?"

"உங்கட அக்கா ஊத்துற தேத்தண்ணி நிறம்."

"பால்த் தேத்தண்ணியோ?"

"ஓம். சீனிதான் குறைவு."

சிரிக்கத்தான் சொன்னார். ஆனால் ஒயில் பால் நிறமானால் அதற்குள் தண்ணீர் போகிறது என்று அர்த்தம். எஞ்சினின் உடலுக்கும் மேலே மூடுகிற ஹெட்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய தகடு இருக்கும், கஸ்கெட் என்பது. நெருப்பை ஒரு பக்கம், தண்ணீரை ஒரு பக்கம், ஒயிலை ஒரு பக்கம் பிரித்து வைப்பது அந்தத் தகடுதான். அது எரிந்துவிட்டது. நடுக்கடலில் சிலிண்டருக்குள் தண்ணீர் நிறைந்தால் எஞ்சின் பூட்டுப் போட்ட மாதிரி நின்றுவிடும். தீவுகளுக்கு நடுவில் இருக்கிற அந்தத் தொடுவாயில் எஞ்சின் நின்றால், நீரோட்டம் கேட்டுக் கேள்வி இல்லாமல் இழுத்துக்கொண்டு போகும். நெடுந்தீவின் மேற்குக் கரையில் மனுவேல் என்றொருவர் இருந்தார். எஞ்சின் நின்ற மூன்றாம் நாள் அவரை இராமேஸ்வரம் பக்கம் கண்டெடுத்தார்கள். அவர் பிழைத்தவர், கூடப்போன தம்பி இல்லை.

கஸ்கெட்டை நான் இங்கே தேடி வாங்கி, தபசுகாலத்தின் கடைசியில் வருகிற பெரிய வாரத்துக்கு ஊர் போன ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். அது போய்ச் சேர மூன்று கிழமை. அந்த மூன்று கிழமையும் அக்கா அந்த வெள்ளைப் புகைக்குள் இருந்துதான் போய்வந்தார்.

எஞ்சினின் கைநூல் ஆங்கிலத்தில் இருந்தது. நான் வாசித்து வாசித்து, தமிழில் பேசி, பதினொரு குரல் செய்தியாக அனுப்பினேன். ஹெட்டில் பதினான்கு போல்ட். நடுவில் தொடங்கி, எதிரெதிராக மாறி மாறி வெளியே போக வேண்டும் என்றேன்.

"சிலுவை அடையாளம் போடுற மாதிரி," என்றார் அத்தான்.

"ஓம், அப்பிடித்தான்."

"அப்ப செபிச்சுச் செபிச்சு முறுக்குவன்."

கடைசிச் செய்தியில் நான் சொன்னது இது: பூட்டி முடிந்ததும் எஞ்சினை நன்றாகச் சூடேற ஓடவிட வேண்டும். பிறகு முழுக்க ஆறவிட வேண்டும். ஓர் இரவு போதும். ஆறிய பிறகு பதினான்கு போல்டையும் அதே ஒழுங்கில் திரும்பவும் முறுக்க வேண்டும். முதல் சூட்டில் தகடு அமுங்கும், போல்ட் இளகும், ஆகவே இதைச் செய்யாவிட்டால் மற்றதெல்லாம் வீண். "ஓம் தம்பி, விளங்குது," என்றார். அது செவ்வாய்க்கிழமை. இரண்டு பேரும் நாட்களை எண்ணிப் பார்க்கவில்லை.

செவ்வாய் பின்னேரம் அக்காவைக் கூட்டி வந்து இறக்கிவிட்டு, அன்றைக்கே ஹெட்டைக் கழற்றினார். சனி விடியப் போட் ஓட வேண்டும். புதன் காலை அழைத்தால் அக்காதான் எடுத்தார். குரலில் நெருப்பு.

"என்ர கலியாண அலுமாரியின்ர கண்ணாடிக் கதவைக் கழட்டிப் போட்டார்! முத்தத்தில படுக்க வச்சிருக்கு!"

"ஏனாம்?"

"அவவைத் தேய்க்கிறதுக்காம். ஹெட் நேரில்லையாம், வளைஞ்சு போச்சாம். கண்ணாடிதானாம் உலகத்திலேயே நேரானது. முப்பது வரியம் அதில மூஞ்சி பாத்தனான், எனக்குத் தெரியாதோ அது எவ்வளவு நேரெண்டு?"

அத்தான் செய்தது சரிதான். கண்ணாடியின் மேல் மணற்கடதாசியை ஒட்டி, அதன் மேல் ஹெட்டைக் கவிழ்த்து, எட்டு எண் வடிவில் இழுத்துத் தேய்த்தார். படம் அனுப்பினார். எல்லா இடமும் பளபளத்தது, மூன்றாம் சிலிண்டர் பக்கத்தில் மட்டும் நகமளவு கறுப்பு. அங்கே பள்ளம். அது போகும் வரை தேய்க்கப் புதன் முழுக்கப் போனது. வியாழன் மத்தியானம்தான் மூடினார்.

எவ்வளவு இறுக்குவது என்று அளக்கிற சாவி அவரிடம் இல்லை. மீன் நிறுக்கிற வில் தராசு இருந்தது. ஸ்பானரோடு ஒரு குழாயைச் செருகி, போல்டிலிருந்து சரியாக ஒரு மீற்றர் தூரத்தில் தராசைக் கொழுவி இழுக்கச் சொன்னேன். முள் பதினொரு கிலோ காட்டினால் போதும். "பதினொரு கிலோ பாரை மீன்," என்று ஒவ்வொரு போல்டுக்கும் சொல்லிச் சொல்லி இழுத்தார். பதினான்கு பாரை.

மூன்று மணிக்கு எஞ்சின் எழும்பியது. எனக்கு இங்கே விடிய ஐந்தரை. அக்கா போனைப் பிடித்து வீடியோவில் காட்டினார். முதலில் வெள்ளைப் புகை, பிறகு மெலிந்தது, பிறகு இல்லை. அத்தான் தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்துச் சுழற்றினார்.

"தண்ணித் தாங்கியின்ர மூடியைத் திறந்து காட்டுங்கோ," என்றேன்.

காட்டினார். குமிழ். ஒன்று, இரண்டு, பிறகு ஒரு கொத்து. பானையில் அரிசி கொதிக்கத் தொடங்குகிற மாதிரி.

"உள்ளுக்க நிண்ட காத்தாயிருக்கும்," என்றார்.

இருக்கலாம். புதிதாகத் தண்ணீர் விட்டால் காற்று அடைபட்டு நிற்பது உண்டு. கால் மணி நேரம் ஓடவிட்டோம். காற்றென்றால் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அப்படியென்றால் சிலிண்டருக்குள் எரிகிற வாயு தண்ணீருக்குள் கசிகிறது. சூட்டு முள் நடுவைத் தாண்டி ஒரு நூல் ஏறியது.

ஒரு சோதனை இருக்கிறது. எஞ்சின் ஓடும்போதே ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசல் போகிற குழாயின் நட்டை ஒவ்வொன்றாக இளக்குவது. இளக்கினால் அந்தச் சிலிண்டர் மட்டும் செத்துவிடும். எதைக் கொன்றால் குமிழ் நிற்கிறதோ, கசிவு அங்கே. முதலாவதை இளக்கினார். எஞ்சின் நொண்டியது, குமிழ் அப்படியே. இறுக்கிவிட்டு இரண்டாவது. அப்படியே. மூன்றாவதை இளக்கினார். தாங்கியின் மேல் தண்ணீர் கண்ணாடி மாதிரிப் படிந்தது.

அந்த நகமளவு கறுப்பு இருந்த இடம்.

"சரி அத்தான்," என்றேன். "இது சின்னக் கசிவு. ஆறினாப் பிறகு திரும்ப முறுக்கேக்க அநேகமா அடைபடும். அப்பவும் குமிழ் வந்தால் ஹெட்டைத் திரும்பக் கழட்ட வேண்டியதுதான். இப்ப நிப்பாட்டுங்கோ. நாளைக்கு விடிய முறுக்குங்கோ."

"ஓம்" என்று சொல்லவில்லை. கோவிலுக்கு நேரமாகிறது என்றார். அன்று பெரிய வியாழன், பூசையில் பங்குச் சாமியார் பன்னிரண்டு பேரின் பாதம் கழுவுவார், அதில் அத்தானும் ஒருவர்.

"இந்தக் காலோடயோ போகப்போறீர்?" என்று அக்கா கத்தியது கேட்டது. "சாமி மண்ணெண்ணெய் கொண்டு வரவேணும்!"

அப்போதும் எனக்கு விளங்கவில்லை. மறுநாள் பெரிய வெள்ளி என்று எனக்குத் தெரியும். எனக்கு வேலை விடுமுறை, கோவிலுக்குப் போக உடுப்பு எடுத்து வைத்திருந்தேன். அதை அந்தப் போல்டுகளோடு சேர்த்து யோசிக்க, முப்பது வருடம் வெளிநாட்டில் இருந்த மண்டைக்கு ஏலவில்லை.

வெள்ளி விடிய எழும்பியவுடன் எடுத்தேன். அங்கே மத்தியானம் இரண்டரை. ஒப்பாரி பாடிப் பார்த்துக்கொண்டிருந்தார் போல, குரல் கரகரத்திருந்தது.

"முறுக்கியாச்சோ அத்தான்?"

"இண்டைக்கோ?" என்றார். நான் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னது போல இருந்தது அந்தக் கேள்வி. "பெரிய வெள்ளியில ஆர் இரும்பு தொடுறது?"

எங்கள் பக்கத்து வழக்கம் அது. வியாழன் பூசையில் கோவில் மணி வாய் மூடினால், சனி இரவுப் பூசையில் திரும்ப அடிக்கும் வரை ஆணி அடிப்பதில்லை, கோடரி எடுப்பதில்லை, ஊசி நூல் கோர்ப்பதில்லை. ஆண்டவரை அறைந்த இரும்பு. சின்ன வயதில் நானும் அப்படி இருந்தவன்தான். வளர வளர எங்களில் பலருக்கு அது பேச்சளவில் நின்றுவிட்டது. குருசுமுத்து அத்தானுக்கு நிற்கவில்லை.

"அத்தான், நாளைக்கு அக்காவுக்கு முறை."

"தெரியும். அஞ்சு மணிக்கு வெளிக்கிடுவம்."

"முறுக்காமலோ?"

"மணி அடிக்க நாளை இரவாகும். அடிச்ச உடன முறுக்கிறன்."

"எஞ்சினை ஸ்ராட் பண்ணுறது மட்டும் இரும்பில்லையோ?"

"அது நோயாளியைக் கொண்டு போறது, தம்பி. ஆண்டவருக்கு விளங்கும். ஸ்பானர் போட்டு முறுக்கிறது, அண்டைக்கு ஆணி அறைஞ்சவங்களும் அதைத்தானே செய்தவங்கள்."

கோபம் வந்துவிட்டது. லோஞ்சில் இன்றைக்கே அனுப்பி, யாழ்ப்பாணத்தில் யார் வீட்டிலாவது படுக்கவிடச் சொன்னேன். கடைசி லோஞ்ச் போய்விட்டது என்றார். வேறு போட் கேட்கச் சொன்னேன். கோவில் மணி அடிக்க முன் ஒருவரும் போட்டைக் கடலில் இறக்கமாட்டார்கள் என்றார். அக்காவிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன்.

"நீங்கள் சொன்னால் கேப்பார், அக்கா."

"கேப்பார்தான்," என்றார் அக்கா. "அதுதான் சொல்லமாட்டன். எனக்காண்டி அந்த மனிசன் அதைச் செய்துபோட்டு, பிறகு எனக்கு ஒண்டு நடந்தால், தான் முறுக்கினதாலதான் எண்டு சாகுமட்டும் நினைக்கும். உனக்குத் தெரியாது அவரை."



பங்குச் சாமியாரின் இலக்கத்தைத் தேடி எடுத்தேன். ஊர்வலம் முடிந்து வந்து களைத்துப் போயிருந்தார். பொறுமையாகக் கேட்டார். "திருச்சபையில அப்பிடியொரு சட்டமே இல்லை. ஒரு உயிருக்காகச் செய்யிறது புண்ணியம். நானே போய்ச் சொல்லுறன்," என்றார். போனார். அரை மணித்தியாலத்தில் அவரே திரும்ப எடுத்தார். "கும்பிட்டுக் கதிரை தந்து இருத்தினார். நான் சொன்னதுக்கெல்லாம் ஓம் சாமி, ஓம் சாமி எண்டார். கடைசியா, சாமி நீங்கள் பட்டணத்து ஆள், உங்களுக்குக் கடல் தெரியாது, கடலுக்குப் போறவன் இதில விளையாடக் கூடாது எண்டார். நான் என்ன செய்ய?"

மிஞ்சியது ஒன்றுதான். அத்தானுக்குக் குரல் செய்தி அனுப்பினேன்: பாதி வேகத்துக்கு மேல் போக வேண்டாம். மழைத் தண்ணீர் நாலு கான் ஏற்றுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருதரம் சூட்டு முள்ளைப் பாருங்கள். சிவப்பைத் தொட்டால் உடனே நிப்பாட்டி நங்கூரம் போடுங்கள், ஆறும் வரை தாங்கி மூடியைத் திறக்க வேண்டாம். எல்லாவற்றுக்கும் ஒரே மறுமொழி: "ஓம் தம்பி."

இங்கே பெரிய வெள்ளிச் சடங்கு முடிந்து வீட்டுக்கு வர ஏழரை. அங்கே சனி விடிய ஐந்து. சொன்ன நேரத்துக்கு அக்காவின் குரல் செய்தி வந்தது, இருபத்திரண்டு விநாடி. "வெளிக்கிட்டாச்சு. கடல் எண்ணெய் ஊத்தின மாதிரிக் கிடக்கு. காத்து ஒரு சொட்டும் இல்லை. நீ சாப்பிட்டுப் படு." பின்னால் எஞ்சின் சத்தம். அதை எத்தனை தரம் கேட்டேன் என்று தெரியாது. எஞ்சின் அடிக்கிற மூன்று அடியில் மூன்றாவது அடி கொஞ்சம் பிந்தி விழுந்தது. என் காதுதான் அப்படிக் கேட்கிறது என்று நினைத்துப் பார்த்தேன். திரும்பவும் பிந்தி விழுந்தது.

அங்கே ஐந்து இருபத்தைந்துக்கு அக்காவிடமிருந்து ஒரு வரி: முள் நடுவில. பயப்பிடாதை.

ஐந்து நாற்பதுக்கு இன்னொன்று: வேகத்தைக் குறைச்சிட்டார். புகை கொஞ்சம் வெள்ளை.

ஐந்து ஐம்பத்தொன்றுக்கு: தண்ணி விடுறார்.

மூடியைத் திறந்துவிட்டார் என்று அதில் விளங்கியது. ஆறாமல் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். "திறக்க வேண்டாம், நங்கூரம் போடுங்கோ" என்று எழுதி அனுப்பினேன். ஒற்றைச் சரி அடையாளம் மட்டும் விழுந்தது. போய்ச் சேரவில்லை.

ஆறே காலுக்கு மிரோஜனுக்கு எடுத்தேன். துறையில்தான் நின்றான்.

"இன்னும் காணேல்லை அண்ணை. இவ்வளவு நேரமும் அங்கால ஒரு லைற் தெரிஞ்சது, அவையாத்தான் இருக்கும் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்."

"இப்ப?"

"விடிஞ்சிட்டுது அண்ணை. விடிஞ்சால் லைற் தெரியாதுதானே." பிறகு, "எஞ்சின் சத்தமும் கேக்கேல்லை," என்றான். "நேவிக்காரரிட்டச் சொல்லட்டோ?"

"ஓடு, சொல்லு," என்றேன்.

அக்காவின் போன் நிறுத்தப்பட்டிருந்தது. பற்றரி முடிந்திருக்கலாம், அவருடையது எப்போதும் முடிகிறதுதான். அத்தானுடைய போனுக்கு எடுத்தேன். அது நிறுத்தப்படவில்லை. றிங் போனது. போய் முடிந்து அறுந்தது. திரும்ப எடுத்தேன். அந்த எஞ்சின் பெட்டிக்கு மேல்தான் போனை வைப்பார், பழைய துவாயில் சுற்றி. றிங் போகிறது என்றால் போனில் தண்ணீர் படவில்லை. போன் நனையவில்லை என்றால் போட் நிமிர்ந்து நிற்கிறது. அவருடைய இரண்டு கையும் வேலையாக இருக்கலாம். கான் தூக்கிக்கொண்டிருக்கலாம், நங்கூரக் கயிற்றை விடலாம். மூன்றாம் முறையும் அறுந்தது. நான்காம் முறை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, மேசையில் வைத்தேன். றிங் போய்க்கொண்டிருக்கிறது.